டார்வின் திருடவில்லை, சரி. ஆனால் வாலஸைக் கேட்டார்களா?

கரையான்புற்று:

ஜூலை 1 வந்தால் போதும். ‘இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை வாலஸிடமிருந்து திருடியவர் டார்வின்’ என்று ஒருவர் எழுதுவார். ‘வாலஸே வாயைத் திறக்கவில்லை, உங்களுக்கு என்ன வந்தது’ என்று இன்னொருவர் பதில் போடுவார். இந்த ஆண்டும் அதே கூத்து. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை, அதனால் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோனவர். அண்ணனோடு நில அளவை வேலை பார்த்தார். பிறகு பூச்சியும் பறவையும் பிடித்துப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பி, அந்தக் காசில் வாழ்ந்தார். 1858 பிப்ரவரியில் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற கேள்விக்கு அவருக்கு விடை பிடிபட்டது. பிறப்பதெல்லாம் பிழைப்பதில்லை. சூழலுக்குச் சற்றே பொருந்தி வருபவை மிஞ்சுகின்றன. அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து சேர்ந்து புதிய இனமாகின்றன. இதுதான் இயற்கைத் தேர்வு. இதைக் கட்டுரையாக்கி, ‘டெர்னாட்டே, பிப்ரவரி 1858’ என்று தேதியிட்டு டார்வினுக்கு அனுப்பினார். தேறும் என்று பட்டால் நிலவியலாளர் லயலிடம் காட்டும்படி கேட்டுக்கொண்டார். கேட்டது அவ்வளவுதான்.

கட்டுரை கைக்கு வந்ததை டார்வின் லயலுக்குத் தெரிவித்தது ஜூன் 18ஆம் தேதி. ஜூலை 1 அன்று லண்டன் லின்னியன் சொசைட்டி என்ற இயற்கையியல் சங்கத்தில் அது வாசிக்கப்பட்டது. வாசித்த வரிசையைக் கவனியுங்கள். முதலில், டார்வின் 1844இல் எழுதி அலமாரியில் வைத்திருந்ததிலிருந்து ஒரு பகுதி. அடுத்து, 1857 செப்டம்பரில் அவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு பகுதி. கடைசியில்தான் வாலஸ். அந்த மூன்றில் முழுக் கட்டுரை என்று சொல்லத்தக்கது வாலஸுடையது ஒன்றுதான்.

வாலஸ் அப்போது நியூகினியாவில், டோரே என்ற இடத்தில் இருந்தார். காலில் புண் வந்து வாரக்கணக்கில் குடிசையை விட்டு வெளியே போக முடியாமல் கிடந்த பயணம் அது. கூட வந்த ஜுமாத் என்ற இளைஞர் அந்த ஜூன் கடைசியில் அங்கேயே இறந்துபோனார். லண்டனில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

என் வாதம் இது. திருட்டு நடக்கவில்லை. ஆனால் எழுதியவரைக் கேட்காமலே, அவருடைய கட்டுரையை இன்னொருவரின் முந்துரிமையைக் காப்பாற்றும் ஏற்பாட்டுக்குள் செருகிவிட்டார்கள். இது நியாயமில்லை.

பழைய நோட்டு:

நல்ல தொடக்கம், ஆனால் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். அலமாரியில் இருந்ததை ஏதோ சலவைக் கணக்குபோலச் சொல்கிறீர்கள்.

1837இல் டார்வின் இந்தக் கேள்விக்கென்றே முதல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். 1842இல் பென்சிலில் ஒரு சுருக்கம் எழுதினார். 1844இல் அதை இருநூறு பக்கத்துக்கு மேல் விரித்தார். அந்த ஜூலையில் மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார்: நான் திடீரென்று செத்துப்போனால் இதை வெளியிட 400 பவுண்டு ஒதுக்கு, தகுந்த ஆளைப் பிடித்துப் பதிப்பிக்கச் சொல் என்று. அந்த 1844 பிரதியைத் தாவரவியலாளர் ஹூக்கர் 1847லேயே படித்திருக்கிறார். வாலஸ் அமேசானுக்குக் கப்பல் ஏறியதே 1848இல்தான்.

அதோடு, வாலஸுக்கு இது எதிர்பாராத இடியும் அல்ல. 1857 மே 1 அன்று டார்வின் அவருக்கு எழுதிய கடிதத்திலேயே, ‘இந்தக் கோடையோடு நான் முதல் நோட்டைத் திறந்து இருபது ஆண்டு ஆகிறது’ என்று ஆச்சரியக்குறியோடு சொல்லிவிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 22 கடிதத்தில், ‘நான் உங்களைவிட வெகுதூரம் போகிறேன்’ என்றும் எழுதினார். நான் இதில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், புத்தகம் வருகிறது என்று முன்கூட்டியே சொன்ன மனிதர் அவர். வாலஸ் அது தெரிந்துதான் அனுப்பினார்.

கரையான்புற்று:

தெரிந்து அனுப்பினார், சரி. வெளியிடுங்கள் என்று சொன்னாரா?

1858 ஜூன் 18 கடிதத்தில் டார்வினே லயலுக்கு எழுதுகிறார்: கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்புங்கள், அதை வெளியிடச் சொல்லி வாலஸ் கேட்கவில்லை, ஆனாலும் நான் உடனே அவருக்கு எழுதி, எந்த ஏட்டுக்கு வேண்டுமானாலும் அனுப்பித் தருகிறேன் என்று கேட்பேன். இதுதான் முறையான வழி. கேட்டு, பதில் வர ஐந்தாறு மாதம் ஆகும். ஆகட்டுமே! இருபது ஆண்டு காத்திருந்தவருக்கு ஆறு மாதம் பெரிதா?

அப்புறம் ஜூன் 26 கடிதம். அதில் டார்வின், வாலஸ் தன்னிடம் எப்படியெல்லாம் கேட்கக்கூடும் என்று தானே எழுதிப் பார்க்கிறார்: ‘என் கட்டுரை வரும்வரை சுருக்கம் எதையும் வெளியிடும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை. நீங்கள் கேட்காமலே மனம் திறந்து நான் சொன்னதை வைத்துக்கொண்டு, நான் உங்களை முந்தாமல் தடுப்பது நியாயமா?’ என்னுடைய வாதத்தை என்னைவிட நன்றாக டார்வினே எழுதி வைத்திருக்கிறார். எழுதிவிட்டு முடிவை நண்பர்களிடம் விட்டுவிட்டார்.

அந்த நண்பர்கள், லயலும் ஹூக்கரும், ஜூன் 30 தேதியிட்டுச் சொசைட்டிக்குக் கொடுத்த முகப்புக் கடிதத்தைப் படியுங்கள். ‘இரு ஆசிரியர்களும் தங்கள் கட்டுரைகளை எந்தத் தயக்கமும் இன்றி எங்கள் கையில் ஒப்படைத்துள்ளனர்’ என்று இருக்கிறது. வாலஸ் எப்போது ஒப்படைத்தார்? ஹூக்கருக்கு அதுவரை அவர் ஒரு வரி எழுதியதில்லை. இதற்கு வேறு பெயர் சொல்ல விரும்பவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

சும்மா வாசகன்:

அடேங்கப்பா. அந்த ‘ஒப்படைத்துள்ளனர்’ வரி எனக்குப் புதிது.

பழைய நோட்டு:

அந்த வரி இடறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் டார்வின் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகள் ஹென்ரியட்டாவுக்குத் தொண்டைநோய். ஒன்றரை வயதுக் குழந்தை சார்லஸ் வாரிங்குக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். குழந்தை ஜூன் 28 அன்று போய்விட்டது. அந்த நிலையில்தான் காகிதங்களை ஹூக்கருக்கு அனுப்பிவிட்டு, எனக்கு இதில் இப்போது அக்கறையே இல்லை என்று எழுதினார். கூட்டத்துக்கு டார்வினும் போகவில்லை.

ஜூலை 1 என்ற தேதியும் சதி செய்து குறித்ததல்ல. சொசைட்டியின் மூத்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் ஜூன் 10 அன்று இறந்ததால், நடக்கவேண்டிய கூட்டம் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான் இது நுழைந்தது.

தபால் முத்திரை:

எல்லோரும் ஜூன் 18 என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்தத் தேதிக்கு டார்வினின் வார்த்தையைத் தவிர என்ன ஆதாரம்?

வாலஸ் டெர்னாட்டேயிலிருந்து 1858 மார்ச் 2 தேதியிட்டு ஃபிரெடெரிக் பேட்ஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது. அமேசான் பயணத் தோழர் ஹென்றி பேட்ஸின் தம்பி அவர். அதில் தபால் முத்திரைகள் இருக்கின்றன. லண்டன் முத்திரை ஜூன் 3. மெக்கின்னி என்ற வரலாற்றாய்வாளர் 1972லேயே இதைச் சுட்டிக்காட்டினார். மாதம் ஒருமுறை வரும் டச்சுத் தபால் கப்பல் மார்ச் 9 அன்று டெர்னாட்டேக்கு வந்தது. ஒரே கப்பலில் போன இரண்டு கடிதத்தில் ஒன்று ஜூன் 3 அன்று வருமாம், இன்னொன்று ஜூன் 18 அன்று வருமாம். அந்தப் பதினைந்து நாள் டார்வின் என்ன செய்துகொண்டிருந்தார்? தன் பெரிய புத்தகத்தில், ஒரே மூலத்திலிருந்து இனங்கள் கிளைபிரிவது எப்படி என்ற பகுதியை அந்தக் காலத்தில்தான் விரித்து எழுதினார்.

வாலஸே 1905இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில், ஓரிரு நாளில் புறப்படும் அடுத்த தபாலில் அனுப்புவதற்காக இரண்டு மாலையில் கட்டுரையை எழுதி முடித்ததாகச் சொல்கிறார். மார்ச் கப்பல்தான் அது. தவிர, மார்ச் 25 அன்று அவர் நியூகினியாவுக்குக் கிளம்பிவிட்டார். ஏப்ரல் கப்பல் வந்தபோது ஊரிலேயே இல்லை.

பழைய நோட்டு:

வந்துவிட்டார்கள். 😀 இந்த வாதத்தின் இரண்டு முடிச்சையும் தனித்தனியாக அவிழ்க்கலாம்.

முதல் முடிச்சு, கப்பல். கட்டுரையை லயலிடம் காட்டச் சொல்லி வாலஸ் ஏன் கேட்டார்? லயலோடு அவருக்குப் பழக்கமே கிடையாது. 1857 டிசம்பர் 22 கடிதத்தில்தான் டார்வின் சொன்னார்: உங்கள் 1855 கட்டுரையை (இனங்கள் எங்கே, எப்போது தோன்றுகின்றன என்பது பற்றியது) யாரும் கவனிக்கவில்லை என்று வருந்தாதீர்கள், லயலும் கல்கத்தாவிலிருந்து விலங்கியலாளர் பிளித்தும் அதை என் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று. அந்தக் கடிதம் டெர்னாட்டேக்கு வந்து சேர்ந்ததே மார்ச் 9 கப்பலில். அதைப் படித்த பிறகு எழுதிய பதிலோடுதான் கட்டுரை போயிருக்க வேண்டும், அப்படியானால் அது ஏப்ரல் கப்பல். வரலாற்றாய்வாளர்கள் ஜான் வான் வைஹும் கீஸ் ரூக்மேக்கரும் 2012இல் டெர்னாட்டே, ஜாவா, சிங்கப்பூர், இலங்கையின் காலி, சூயஸ், சவுத்தாம்ப்டன் என்று தபால் போன வழியைக் கப்பல் கப்பலாகக் கோத்துப் பார்த்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பிய தபால் ஜூன் 18 அன்று டார்வின் வீட்டுக்கு வந்துசேர்வது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் கடிதத்தைத் தெரிந்த வணிகரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1905 நினைவுக் குறிப்பு சம்பவம் நடந்து 47 ஆண்டு கழித்து எழுதியது.

இரண்டாவது முடிச்சு இன்னும் லேசு. கிளைபிரிதல் பற்றிய கருத்து 1857 செப்டம்பர் 5 அன்று ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றாம் ஆள், வேறு கண்டம், தேதி போட்ட கடிதம். ஒன்பது மாதம் முன்பே எழுதி அனுப்பிய கருத்தைத் திருட டார்வினுக்குப் பதினைந்து நாள் எதற்கு?

தபால் முத்திரை:

வான் வைஹுக்குப் பதில் வந்ததையும் சொல்லுங்கள். வந்த கப்பலிலேயே பதிலைக் கொடுத்தனுப்ப முடியாது என்பது அனுமானம், ஆதாரம் அல்ல என்று ராய் டேவிஸும் சார்லஸ் ஸ்மித்தும் எழுதியிருக்கிறார்கள். கட்டுரை ஏற்கெனவே தயார். மேலே ஒரு கடிதம் கிறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, கப்பலை விடுங்கள். மூலக் கடிதம் எங்கே? கட்டுரையின் கையெழுத்துப் பிரதி எங்கே? உறை எங்கே? உயிரியலிலேயே மிகப் பெரிய கடிதம். ஒன்றுகூட இல்லை.

பழைய நோட்டு:

அந்தக் காலத்து டார்வின் பழைய கடிதங்களை அவ்வப்போது எரித்துவிடுவார். 1860களின் தொடக்கம் வரைக்கும் அவருக்கு வந்தவற்றில் நிறைய இல்லை, வாலஸுடையது மட்டும் குறிவைத்துக் காணாமல் போகவில்லை. பின்னாளில்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கத் தொடங்கினார். இன்று அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகப் பதினைந்தாயிரத்துக்கும் மேல் தேறுகின்றன. 1974இல் தொடங்கிய பதிப்பு வேலை முப்பது தொகுதிகளாக முடிந்திருக்கிறது. கையெழுத்துப் பிரதி அச்சகத்துக்குப் போனால் திரும்பி வராததும் அன்றைக்குச் சாதாரணம்.

கரையான்புற்று:

இதனால்தான் தபால் விவகாரத்தில் நான் இறங்கவில்லை. முத்திரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தால் கண்ணுக்கு நேரே தெரிவது மறைந்துபோகும். கட்டுரை ஜூன் 3 வந்தாலும் 18 வந்தாலும், அது அச்சானபோது எழுதியவருக்கு ப்ரூஃப் போகவில்லை. வாலஸே 1869இல் மேயர் என்ற ஜெர்மன் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: அது எனக்குத் தெரியாமல் அச்சிடப்பட்டது, அதனால் ப்ரூஃப் திருத்தவும் வாய்ப்பில்லை என்று. புகார் தொனி இல்லை. ஆனால் பதிவு செய்து வைத்திருக்கிறார் பாருங்கள்.

வண்டுக்காரி:

பூச்சியியல் பாடம் எடுப்பவள் என்ற முறையில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிட்டுப் போகிறேன். மூன்று பேருமே 1858 ஜூனின் அந்த இரண்டு வாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். வாலஸும் டார்வினும் கால் நூற்றாண்டு கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதில் அறிவியல் கொட்டிக் கிடக்கிறது.

ஒன்று மட்டும் எடுக்கிறேன். 1867 பிப்ரவரி. ஆண் பறவையின் பகட்டு நிறம் பெண்ணைக் கவர்வதற்கு என்று டார்வின் எழுதிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு முள். சில கம்பளிப்புழுக்கள் ஏன் அவ்வளவு அழகான நிறத்தில் இருக்கின்றன? புழு இணை சேர்வதில்லை. யாரைக் கவர வேண்டும் அதற்கு? ஹென்றி பேட்ஸிடம் போய்க் கேட்டார். பேட்ஸ் சொன்ன முதல் பதில்: ‘வாலஸைக் கேளுங்கள்.’ பிப்ரவரி 23 அன்று டார்வின் எழுதுகிறார். மறுநாளே வாலஸ் பதில் எழுதுகிறார்.

அந்தப் பதிலில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். கசக்கிற புழு, சரி. ஆனால் புழுவின் தோல் மெல்லியது. பறவை ஒரு கொத்து கொத்திப் பார்த்து, சீ என்று துப்பினாலும் புழு செத்துவிடும். அப்படியானால் கசப்பு மட்டும் இருந்து புண்ணியமில்லை. கொத்துவதற்கு முன்பே, நான் கசப்பு, கிட்டே வராதே என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தப் பளிச்சென்ற நிறம். ‘இதைவிடச் சாமர்த்தியமான விளக்கத்தை நான் கேட்டதில்லை’ என்று டார்வின் திருப்பி எழுதினார். வாலஸ் அதோடு விடவில்லை. அடுத்த மாதமே பூச்சியியல் சங்கத்தில், பறவை வளர்ப்பவர்கள் யாராவது சோதித்துப் பாருங்களேன் என்று கேட்டார். ஜென்னர் வியர் தன் பறவைக் கூண்டில் புழுக்களைப் போட்டுப் பார்த்து 1869இல் முடிவைச் சொன்னார். பளிச்சென்ற புழுக்களைப் பறவைகள் ஒதுக்கின.

நம் ஊர் எருக்கஞ்செடியில் கறுப்பு மஞ்சள் வெள்ளைப் பட்டையோடு ஒளியாமல் மேயும் வெந்தய வரியன் புழுவை மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் நான் சொல்வது வாலஸ் ஒரே நாளில் எழுதிய அந்தப் பதிலைத்தான். இது அவர் மட்டுமே கண்டுபிடித்தது. பங்கு கேட்க யாரும் இல்லை. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே போகும் கோடும் அப்படித்தான். இருபது மைல் சொச்சம் கடல், இந்தப் பக்கம் ஆசியப் பறவைகள், அந்தப் பக்கம் ஆஸ்திரேலியச் சாயல். அதற்கு வாலஸ் கோடு என்று பெயர் வைத்தவர் டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி. இவ்வளவு செய்த மனிதரை நீங்கள் நிரந்தரமாகப் பரிதாபப்பட வேண்டிய ஆளாக ஆக்கிவிட்டீர்கள்.

கரையான்புற்று:

மேடம், பரிதாபப்படவில்லை. ஆனால் பணம் என்ற ஒன்று இருந்தது. அதைப் பேசாமல் இந்தக் கடிதங்களைப் படிக்க முடியாது.

இருவருக்கும் நடுவே தொடர்பு எப்படித் தொடங்கியது? 1856 ஆகஸ்டில் லொம்போக்கிலிருந்து தன் லண்டன் முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸுக்கு வாலஸ் அனுப்பிய சரக்கோடு போன கடிதத்தில் ஒரு வரி: அந்த வீட்டு வாத்து டார்வினுக்கு. டார்வின் அப்போது உலகம் முழுக்கக் கோழி, வாத்துத் தோல்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். வாலஸ் அவருக்குச் சரக்கு அனுப்பும் பலரில் ஒருவர். எட்டு ஆண்டில் 1,25,660 மாதிரிகள் சேர்த்தார். அதில் வண்டுகள் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல். பெரும்பகுதி விற்பனைக்கு. டார்வினுக்குக் குடும்பச் சொத்து இருந்தது, எட்டு ஆண்டு கொட்டலசு (பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் ஓடுள்ள கடல் உயிரி) ஆராய்ச்சி செய்ய முடிந்தது.

1855இல் வாலஸ் போர்னியோ தீவின் சரவாக்கிலிருந்து எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு இனமும் தனக்கு நெருங்கிய முந்தைய இனம் இருந்த இடத்திலும் காலத்திலும்தான் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டார். லயல் அதைப் படித்து அரண்டுபோய், இனங்கள் பற்றித் தனி நோட்டே தொடங்கினார். டார்வின் தன் பிரதியின் ஓரத்தில் ‘பெரிதாகப் புதிது ஒன்றும் இல்லை’ என்று குறித்தார். சரக்கு அனுப்புகிற ஆளிடமிருந்து கோட்பாடு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1858 ஜூனில் அவருக்கு விழுந்த அதிர்ச்சியில் பாதி அதுதான் என்பேன்.

பழைய நோட்டு:

இது அநியாயம். 1857 மே கடிதத்தில் டார்வின் அந்தக் கட்டுரையின் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லின் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினார். டிசம்பர் கடிதத்தில், ஊகம் இல்லாமல் நல்ல அவதானிப்பு இல்லை என்று சொல்லி, நீங்கள் கோட்பாட்டில் இறங்குவது மகிழ்ச்சி என்று தட்டிக்கொடுத்தார். சரக்கு ஆளுக்கு யாரும் இப்படி எழுத மாட்டார்கள்.

சரி, வாலஸே என்ன சொன்னார்? 1858 அக்டோபர் 6 அன்று அம்மாவுக்கு எழுதினார்: இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கையியலாளர்கள் இருவர், டார்வினும் ஹூக்கரும், எனக்கு எழுதியிருக்கிறார்கள், மிகவும் மகிழ்ச்சி. 1864இல் டார்வினுக்கு: இந்தக் கோட்பாடு உங்களுடையது, உங்களுடையது மட்டுமே என்றுதான் எப்போதும் சொல்வேன், என் கட்டுரை யாரையும் நம்ப வைத்திருக்காது. 1889இல் எழுதிய புத்தகத்துக்கு ‘டார்வினியம்’ என்றே பெயர் வைத்தார். 1908இல் லின்னியன் சொசைட்டி ஐம்பதாம் ஆண்டு விழாவில், டார்வின் போய் கால் நூற்றாண்டு ஆன பிறகு, இருவர் பங்கையும் இருபது ஆண்டுக்கு ஒரு வாரம் என்று அளந்தார். அரை நூற்றாண்டு ஒரே பேச்சு. இதற்கு மேல் அவர் சார்பில் கோபப்பட நாம் யார்?

கரையான்புற்று:

1858 அக்டோபரில் அவர் வேறென்ன சொல்வார்? முப்பத்தைந்து வயது, கையில் காசில்லை, திரும்பிப் போய் அதே ஆட்களிடம்தான் வாழவேண்டும். அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான், நான் சந்தேகிக்கவில்லை. செய்தது முறையா என்பது வேறு கேள்வி. என் வீட்டை எனக்குத் தெரியாமல் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, பிறகு நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால், கேட்காமல் விற்றது சரியாகிவிடுமா?

வண்டுக்காரி:

இதில் நான் பழைய நோட்டு பக்கம், வேறு காரணத்துக்காக. வாலஸ் பயந்து அடங்கிப் போகிற ஆள் என்று யார் சொன்னது? 1869இல், மனித மூளையை இயற்கைத் தேர்வு மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது, மேலான அறிவு ஒன்று வழிநடத்தியிருக்க வேண்டும் என்று அச்சில் எழுதினார். ‘உங்களுடையதும் என்னுடையதுமான குழந்தையை அடியோடு கொன்றுவிடவில்லை என நம்புகிறேன்’ என்று டார்வின் முன்கூட்டியே பதறினார். படித்தபோது ஓரத்தில் ‘இல்லை’ என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டார். வாலஸ் அசையவில்லை. ஆண்பறவை நிறம் விஷயத்திலும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அம்மை குத்துவதை எதிர்த்தார், ஆவிகளோடு பேசுவதை நம்பினார், நிலம் பொதுச்சொத்தாக வேண்டும் என்றார். உலகம் தட்டை என்றவனோடு 1870இல் 500 பவுண்டு பந்தயம் கட்டி, ஜெயித்தும் பல ஆண்டு அவனிடம் வசவு வாங்கினார். மனதில் பட்டதைச் சொல்லாமல் விழுங்குகிற ஆளா இவர்?

அவர் பெயர் மங்கியதற்கு 1858 காரணம் என்பதும் பொய். 1913இல் தொண்ணூறு வயதில் இறந்தபோது உலகறிந்தவர். மங்கியது அப்புறம்தான், அதற்கு ஆவியும் அம்மை ஊசியும் ஓரளவு காரணம்.

கரையான்புற்று:

அதே ஆவி விவகாரத்தைத்தான் ஹூக்கர் 1879இல் எடுத்தார். வாலஸுக்கு அரசு உதவித்தொகை வாங்கித் தரலாமா என்று டார்வின் கேட்டபோது, ஆவி நம்பிக்கையையும் தட்டை உலகப் பந்தயத்தையும் சொல்லி ஹூக்கர் கைவிரித்தார். இருபத்தொரு ஆண்டு முன் ‘தயக்கமின்றி ஒப்படைத்தார்’ என்று கையெழுத்துப் போட்ட அதே ஹூக்கர்.

பழைய நோட்டு:

முடிவையும் சொல்லுங்கள். டார்வின் விடவில்லை. அடுத்த ஆண்டு மனு எழுதி, ஹக்ஸ்லியையும் சேர்த்துக்கொண்டு, ஹூக்கரிடமும் கையெழுத்து வாங்கி, பிரதமர் கிளாட்ஸ்டன்வரை போனார். 1881 ஜனவரியில் ஆண்டுக்கு 200 பவுண்டு கிடைத்தது. அடுத்த ஆண்டு டார்வின் இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள்கொடுத்தவர்களில் வாலஸும் ஒருவர்.

சும்மா வாசகன்:

அலி பற்றி யாருமே பேசவில்லையே. சரவாக்கில் சேர்ந்த மலாய்ப் பையன். படகு ஓட்டி, சமைத்து, பிறகு துப்பாக்கி பிடித்துப் பறவை சுட்டு, தோல் உரித்துப் பதப்படுத்தினார். வாலஸ் பெயர் தாங்கிய அந்தச் சொர்க்கப்பறவையை 1858இல் பாச்சான் தீவில் முதலில் சுட்டுக் கொண்டுவந்ததே அவர்தான். அவர் எழுதிய கடிதம் ஒன்றாவது இருக்கிறதா?

கரையான்புற்று:

அவர் கைப்பட எழுதியதாக எதையும் நான் பார்த்ததில்லை. 1862இல் சிங்கப்பூரில் வாலஸ் எடுக்க வைத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. 1907இல் டெர்னாட்டேயில் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பரிடம் ஒரு முதியவர் வந்து ‘நான்தான் அலி வாலஸ்’ என்று அறிமுகம் செய்துகொண்ட குறிப்பும் இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

சும்மா வாசகன்:

தொடங்குகிறேன். அதற்கு முன், கடிதங்களை எந்த இடத்திலிருந்து படிக்கலாம்?

பழைய நோட்டு:

இரண்டு பேருடையதும் இணையத்தில் இலவசம். வாலஸுடையது மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் பட்டியலிட்டிருக்கிறார்கள். வண்டுக்காரி சொன்ன 1867 பிப்ரவரிக் கடிதங்களை முதலில் படியுங்கள். பிறகு 1858 ஜூன் 18, 25, 26. அதன் பின் கரையான்புற்றோடு சண்டைக்கு வாருங்கள்.

தபால் முத்திரை:

டச்சுக் கப்பல் கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.